வெள்ளைக்கரட்டு வழியாகப் போன பேச்சு

வெள்ளைக்கரட்டில் ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி, கிழக்கே ஊரணிக்கரையில் தோண்ட ஆரம்பித்து, மேற்கே காளிராஜின் கிணற்றடி வரைக்கும், மண்ணுக்கடியில் யாரோ எப்போதோ புதைத்துவிட்டுப் போயிருந்த ஆரஞ்சு நிறக் குழாயைப் புடலங்காய்க் கொடியை உருவுகிற மாதிரி உருவி வெளியே போட்டுவிட்டது, பிய்ந்த குழாய்க்குள் கண்ணாடி நரம்புகள் வெயிலில் மின்னியதைப் பார்த்த டிரைவர், "தண்ணிக் குழாய் இல்லல்ல? அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தான். அந்த நரம்பு வழியாகத்தான் எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் எங்கெங்கோ இருக்கிற ஜனங்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அவனுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. நரம்பு அறுந்தால் பேச்சு நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. ஒரு வழி அடைபட்டால் முனகாமல் வேறு வழி தேடிக்கொள்வது அந்தப் பேச்சின் குணம். பக்கத்தில் வேறு நரம்பு எதுவும் கிடையாது, இருந்ததெல்லாம் வெள்ளைக்கரட்டு ஜனங்களின் வாய்தான், அதனால் அது வாய் வழியாகப் போக ஆரம்பித்தது.

சீனியம்மாளுக்கு அது முதலில் வந்தது தெருக்குழாயடியில். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அவசரத்தில், வரிசைக்குக் குறுக்கே புகுந்தவளைப் பார்த்து "குடத்தை எடுடி அங்கிட்டு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெளியே வந்தது யாரோ ஓர் ஆம்பளையின் சிரிப்பில் பாதி. குழாயடியே திரும்பிப் பார்த்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்கு உள்ளேயே அடுத்தது வந்து நாக்கில் உட்கார்ந்தது, கல்கண்டுத் துண்டு அளவுக்கு, இனிப்பும் இல்லாமல் உப்பும் இல்லாமல். ஆனால் அது யாரிடமிருந்து புறப்பட்டது, யாருக்குப் போகவேண்டும், எத்தனை துண்டில் எத்தனையாவது துண்டு என்பதெல்லாம், பசி எடுப்பது தெரிகிற மாதிரி, யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு தானாக மேற்கே சாய்ந்தது. மேற்கே நின்றவளிடம் அதைச் சொன்னாள். சொன்னதும் வாய் காலியாகி, பாக்கி இருந்த "குடத்தை எடுடி"யையும் சொல்லிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே கதை. காளியம்மன் கோபித்துக்கொண்டாள் என்று கோடாங்கியை அழைத்துவந்தார்கள். அவர் உடுக்கை அடித்து, உடம்பை முறுக்கி, "எல்லையில ஒரு கோளாறு நடந்திருக்குடா" என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தபோது, ஏதோ தூரதேசத்துக் கிரிக்கெட் மேட்ச்சில் விக்கெட் விழுந்த சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது. அவர் தட்சணை வாங்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் அழைத்து வரவில்லை. வருகிறது, போகிறது, காய்ச்சலா தலைவலியா ஒன்றும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டது, மழை வராததை ஏற்றுக்கொண்ட மாதிரி.

போகப்போக ஊருக்கு அதன் போக்கு பிடிபட்டது. யாரும் பேசியது முழுசாக வருவதில்லை. புறப்படும்போதே துண்டு துண்டாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள், ஒவ்வொரு துண்டின் தலையிலும் போகிற இடம், புறப்பட்ட இடம், வரிசை. ஒரே பேச்சின் துண்டுகள் ஒன்று வடக்குத்தெரு வழியாகப் போகும், ஒன்று தெற்குத்தெரு வழியாகப் போகும், ஐந்தாவது முந்திக்கொள்ளும், இரண்டாவது பிந்தும். போய்ச் சேருகிற இடத்தில் வரிசைப்படி அடுக்கிக்கொள்வார்களாம், அது அவர்கள் பாடு. முழுப் பேச்சையும் தூக்கிக்கொண்டு போகிற ஆள் வழியில் ஒருவரும் கிடையாது. கடைசி வீடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வாய் எது என்று தெரிந்தால் போதும், அதை நாக்கே சாய்ந்து காட்டிவிடும்.

மளிகைக்கடைத் தங்கப்பாண்டிக்கு மட்டும் ஆசை விடவில்லை. உலகத்து ரகசியமெல்லாம் நம் ஊர் வழியாகப் போகிறதே, ஒன்றையாவது சேர்த்து வைத்துப் பார்ப்போம் என்று வந்த துண்டுகளை விழுங்காமல் துப்பாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். துண்டுகளில் பாதி பூட்டுப் போட்ட டப்பா மாதிரி இறுக்கமாக இருந்தது, அதற்குச் சாவி போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறது போலிருக்கிறது, அவர் பல் உடைந்ததுதான் மிச்சம். சில துண்டு ஏதோ படத்தின் ஓரம், வெறும் நீலமாக இருந்தது, வானமா சேலையா தெரியவில்லை. திறந்து கிடந்த ஒரே பேச்சை அரும்பாடுபட்டு ஒட்டிப் பார்த்தால், யாரோ யாரிடமோ "சாப்டியா, தயிர் இருந்துச்சா" என்று கேட்டிருந்தார்கள். இதற்கா இந்தப் பாடு என்று எல்லாவற்றையும் அடுத்த வாய்க்குத் தள்ளிவிட்டார்.

வேறு சில துண்டுகள் வெறும் விசாரிப்பு. இன்ன பேர்க்காரர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்கும், அவ்வளவுதான். பேரை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது, இடம் தெரிந்தால்தான் துண்டு புறப்படும். அவையெல்லாம் பால் சொசைட்டி லூர்தம்மாளிடமே போய்ச் சேர்ந்தன. ஊரில் யார் எந்தச் சந்தில் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும் என்பதைத் துண்டுகள் எப்படியோ தெரிந்துகொண்டிருந்தன. தனக்குத் தெரியாத பேரென்றால் அவள் வெட்கப்படாமல், "எனக்குத் தெரியல, மேல கேளுங்க" என்று மேற்கே அனுப்பிவிட்டுப் பாலை அளக்கப் போய்விடுவாள்.

எல்லாவற்றிலும் எடை குறைந்தது ஒன்று உண்டு. அதில் ஒன்றுமே இருக்காது, "வந்தது" என்கிற ஒரு சொல்லைத் தவிர. போய்ச் சேர்ந்த துண்டுக்கு, போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து, அத்தனை வாயும் கடந்து அனுப்பினவருக்குத் திரும்பி வருகிற சொல் அது. அது திரும்பி வரவில்லையென்றால் அனுப்பினவர் அதே துண்டை மறுபடி அனுப்புவார். ஊருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. தாங்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் துண்டை வாங்கும்போதெல்லாம் "வந்துருச்சு" என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார்கள், அது கேட்ட பிறகுதான் கொடுத்தவர் அடுத்த வேலைக்குப் போவார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் வருகிற வரைக்கும். வெள்ளைக்கரட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று அதுவரை யாரும் மொத்தமாகப் பார்த்ததில்லை. இப்போது துண்டுகள் நடந்த வழியைப் பார்த்தபோது, வரப்பு வெட்டினதில் பேசாதவர்கள், பந்தியில் பாயசம் பிந்தியதில் பேசாதவர்கள், ஏன் பேசுவதில்லை என்பதே மறந்துபோய் பழக்கத்துக்காகப் பேசாதவர்கள் என்று ஊரே சுவரும் வேலியுமாகத் தெரிந்தது. நாலு எட்டில் போகவேண்டிய துண்டு நாற்பது வாய் சுற்றிக்கொண்டு போனது. சுற்றினால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரிதானே என்று விட முடியாது. ஒவ்வொரு வாய் மாறும்போதும் துண்டு கொஞ்சம் கரையும். தூரத்திலிருந்து வருகிறது ஊரணிக்கரையை எட்டும்போதே நூலாகத்தான் வரும். கரைந்து முடிந்தால் அந்த இடத்திலேயே ஒன்றுமில்லாமல் போய்விடும், யார் வாயில் போனதோ அவருக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

கோவில் முன்னால் கூடிப் பேசி ஊர் ஒரு முடிவெடுத்தது. துண்டைப் பிடித்து வைக்கக் கூடாது, கூட்டிக் குறைக்கக் கூடாது, துக்க வீட்டார் வாயில் வந்தால் பக்கத்து வீட்டார் வாங்கிக்கொள்ளவேண்டும். கடைசியாக, துண்டுப் பேச்சு பேச்சாகாது. அதாவது பகையாளிகளும் துண்டைக் கொடுக்கலாம் வாங்கலாம், "வந்துருச்சு" சொல்லலாம், அதனால் யாருடைய ரோசமும் குறைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. கைதட்டாத குறை. அன்றைக்கே பாதிச் சுவர் வழிவிட்டது.

சீனியம்மாள் வீட்டுச் சுவர் மட்டும் வழிவிடவில்லை. "துண்டும் வேணாம், துணுக்கும் வேணாம்" என்று கூட்டத்திலேயே எழுந்து சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் வீடு மேற்குக் கோடிக்கு முந்தின வீடு. கோடி வீடு அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் காளிராஜுடையது. அந்த வீட்டைத் தாண்டி அவன் கிணறு, கிணற்றடியில்தான் அறுந்த நரம்பின் அந்தப்பக்கத்து முனை. மேற்கே போகிற துண்டு எதுவானாலும் காளிராஜ் வீட்டு வாய்க்கு வந்துதான் ஆகவேண்டும்; சீனியம்மாள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு மேலாகச் சொன்னால் ஒரே எட்டு. ஆனால் அந்தச் சுவரைத் தாண்டி ஒரு சொல் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகியிருந்தது. அதனால் ஊரின் துண்டுகளெல்லாம் அவள் வீட்டு வாசல் வரை வந்து, திரும்பி, தெற்குத்தெருவைச் சுற்றி, கம்மாய்க்கரை ஆட்டுக்கிடை வழியாக, வெளிக்காட்டு வீடுகளில் வாய் மாறி மாறி, பின்பக்கமாகக் காளிராஜ் வீட்டுக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் சீனியம்மாளின் நாக்கு சுவர்ப் பக்கம் சாயும். அவள் அதைப் பல்லால் கடித்து வாசல் பக்கம் திருப்புவாள்.

அந்தப் பகை வந்த விதம் இது. அவள் மகள் கனகு பெரியவளான அன்றைக்குக் காளியம்மன் பொங்கல், கம்பத்தில் கட்டிய குழாய் ரேடியோ ஊரையே தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது. பெண் பெரியவளானால் தாய்மாமனுக்குத்தான் முதல் சேதி. அவன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து, அவள் தனியாக இருக்கக் குடிசை மாதிரி குச்சு கட்டவேண்டும், கட்டுகிற வரை பிள்ளை வாசலுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கும். சீனியம்மாள் சுவரோரம் ஓடிப்போய் எட்டிப் பார்த்து, அந்தப்பக்கம் இருந்த அண்ணன் பொண்டாட்டி மாரித்தங்கத்திடம், "மதினி, புள்ள பெரியவளாயிட்டா, அண்ணன ஓலை கொண்டாரச் சொல்லுங்க" என்றாள். மாரித்தங்கத்தின் தலை ஆடியதைப் பார்த்தாள். போதும் என்று வந்துவிட்டாள்.

அண்ணன் வரவில்லை. வெயில் சாய்கிற வரைக்கும் கனகு வாசலில் வேப்பமரத்தடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போகிறவர் வருகிறவரெல்லாம் "மாமன் இன்னும் வரலையா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்; கடைசியில் தூரத்து உறவில் யாரோ ஒருவன் இரக்கப்பட்டு ஓலை கொண்டுவந்து கட்டினான். பக்கத்து வீடுதானே, போய் இன்னொரு தரம் சொல்லலாமே என்று அவள் புருசன் சொன்னதற்கு, "கூடப்பிறந்தவன ரெண்டுதரம் கூப்பிடவா? வரணும்னு இருக்கவன் ஒருதரம் சொன்னா வருவான்" என்று சீறினாள். காளிராஜோ மறுநாள் டீக்கடையில், தன் மருமகளுக்கு எவனோ குச்சு கட்டினான் என்று கேள்விப்பட்டு, குடித்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்து, சேதி சொல்லாத தங்கச்சி வாசலை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டான். சொல்லாதவள் மேல் அவனுக்குக் கோபம், சொல்லியும் வராதவன் மேல் அவளுக்குக் கோபம். என்ன நடந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்க வெள்ளைக்கரட்டில் யாரும் பழகியிருக்கவில்லை, ஏனென்றால் கேட்கிறவர்தான் தோற்றவர்.

இப்போது அந்தக் கனகுவுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தது. "மாமா வரலைன்னா எனக்கு மணவறையில உட்காரவே பிடிக்காதும்மா" என்று அவள் ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி சொன்னாள். "வந்தா வாரான், வராட்டி போறான்" என்றாள் சீனியம்மாள். சொல்லிவிட்டு, மகள் சாப்பிடாமல் எழுந்த தட்டைக் கழுவும்போது அழுதாள். அண்ணன் வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை, வேறெந்த ஆசையையும்விட அதிகமாக. கூப்பிடத்தான் வாய் வரவில்லை. உலகத்தில் உள்ளவர்களின் பேச்செல்லாம் போய்வந்துகொண்டிருந்த வாய் அது.

அந்த நாட்களில்தான் அவளுக்கு அந்தத் துண்டு வந்தது. ரொம்பத் தூரத்துத் துண்டு, நூலுக்கும் மெல்லிசு. ஒரு பொம்பளையின் குரல், என்ன பாஷையென்று தெரியவில்லை, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஓர் இழுப்பு, அவ்வளவுதான் அந்தத் துண்டில் இருந்தது. வழக்கம்போல வாசல் பக்கம் திருப்பி அனுப்பினாள். கம்மாய்க்கரையைத் தாண்டுவதற்குள் அது கரைந்துபோனதாக ஆட்டுக்கிடைக்காரர் வந்து வருத்தப்பட்டார். மறுநாள் அதே துண்டு மறுபடி வந்தது. அதே குரல், அதே இழுப்பு, வரிசையில் அதே இடம். மறுபடி அனுப்பினாள், மறுபடி கரைந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

சீனியம்மாளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பாவமாக இருந்தது, பிறகு அவளால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடும். அவளை உலுக்கியது குரலின் சோகம் இல்லை, அதில் சோகமே இல்லை. முதல் நாள் எப்படி வந்ததோ அப்படியே வந்தது. "நேத்தே சொன்னேனே, காது கேக்கலையா" என்கிற குத்தல் இல்லை. "இனி உன் சங்காத்தமே வேண்டாம்" என்கிற முறைப்பு இல்லை. சலிப்பு இல்லை, பெருமூச்சு இல்லை. போய்ச் சேரவில்லை, அதனால் மறுபடி சொல்கிறாள், அவ்வளவுதான். எந்த ஊர்க்காரியோ, எந்த வீட்டு அடுப்படியில் நின்று யாரைக் கூப்பிடுகிறாளோ, ரோசமில்லாதவள் என்று சீனியம்மாள் அவளைத் திட்டிப் பார்த்தாள். திட்டு ஒட்டவில்லை. அந்தப் பொம்பளை ஒவ்வொரு நாளும் தன் வீட்டுச் சுவரில் வந்து செத்துப்போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு காலையில் ஆபீசுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டியபோது அது மறுபடி வந்தது. நாக்கு சுவர்ப் பக்கம் சாய்ந்தது. அவள் பல்லைக் கடிக்கவில்லை. செருப்போடு கொல்லைக்குப் போனாள், துவைகல்லின் மேல் ஏறி நின்று, அத்தனை வருசத்துக்குப் பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

மாரித்தங்கம் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மிக்சி இருந்தாலும் துவையலுக்கு அம்மிதான் அவளுக்கு. குனிந்து, குழவியைத் தள்ளி இழுத்து, தள்ளி இழுத்து அரைத்தாள்; ஒவ்வொரு தள்ளுக்கும் அவள் தலை முன்னால் ஆடியது, ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் வந்தது. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அவள் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

சீனியம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். குழாய் ரேடியோவும், மிளகாய் நெடியும், "போதும்" என்று தான் திரும்பி நடந்ததும், வேப்பமரத்தடியில் கனகு உட்கார்ந்திருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அய்யோ, அன்றைக்கும் அம்மியா அரைத்தாள்!

வாயில் துண்டு கரைந்துகொண்டிருந்தது. அவள் அதைச் சுவருக்கு மேலாகச் சொன்னாள். மாரித்தங்கம் தலையாட்டினாள். சீனியம்மாள் போகவில்லை. துண்டும் போகவில்லை, வாங்கிக்கொள்ள ஆள் நிமிராததால் நாக்கிலேயே நின்றது. மறுபடி சொன்னாள், கோபமில்லாமல், அந்தப் பொம்பளை சொன்ன அதே இழுப்பில். குழவி நின்றது. மாரித்தங்கம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், சுவருக்கு மேலே நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். திரும்பி வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "வந்துருச்சு" என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளைக்கரட்டின் துண்டுகளெல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் போயின. சீனியம்மாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் துவைகல்லில் நின்றாள், அந்தப்பக்கம் மாரித்தங்கம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். யார் யாரோ குழந்தை பெற்றது, யார் யாரோ பரீட்சையில் தேறியது, நீலம், பச்சை, பூட்டின டப்பா, பாதிப் பாட்டு, எல்லாவற்றையும் இவள் கொடுக்க அவள் வாங்கினாள், மேற்கே இருந்து வந்ததை அவள் கொடுக்க இவள் வாங்கினாள். ஒரு நாளைக்கு ஆயிரம் "வந்துருச்சு" சொல்லிக்கொண்டார்கள். சொந்தப் பேச்சு ஒரு சொல் கிடையாது. துண்டுப் பேச்சு பேச்சாகாது என்று ஊர் முடிவெடுத்திருந்ததே, அதை இருவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். காளிராஜ் கிணற்றடியிலிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பான், பார்க்காத மாதிரி போய்விடுவான்.

ஒரு மத்தியானம் மாரித்தங்கத்தின் வாயிலிருந்து, எடையே இல்லாத ஒரு "வந்தது" சுவரைத் தாண்டி வந்தது. போகிற இடத்தைப் பார்த்ததும் சீனியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இழுப்புக்காரிக்கு உரியது அது. ஊர் விதியை மீறி அதைக் கொஞ்ச நேரம், ஒரு மூச்சு நேரம், நாக்கிலேயே வைத்திருந்துவிட்டுக் கிழக்கே அனுப்பினாள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஆடி முடிகிற சமயத்தில் கம்பெனியிலிருந்து வேனில் ஆட்கள் வந்து, புதுக் குழாய் புதைத்து, கூடாரம் அடித்து உட்கார்ந்து நரம்போடு நரம்பை ஒட்டினார்கள். இத்தனை நாள் இங்கே அறுந்து கிடந்தது ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது, ரோட்டு காண்டிராக்டர் சொல்லித்தான் வந்தோம், ஒரு புகார்கூட வரவில்லையே, வேறு எந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று ஒட்டுகிறவர் ஆச்சரியப்பட்டார். "எங்கிட்டோ போயிருக்கும்" என்று சொல்லி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். வேன் ஊரணியைத் தாண்டியபோது எல்லார் வாயும் ஒரே நேரத்தில் காலியானது.

அந்த அமைதியை ஊர் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் தன் பேச்சு மட்டுமே வந்தது, அது ரொம்பக் கொஞ்சமாக இருந்தது. லூர்தம்மாளிடம் யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. வழிவிட்ட சுவர்களில் சில, வேலை முடிந்தது என்று மறுபடி மூடிக்கொண்டன. சில மூடிக்கொள்ள மறந்துவிட்டன. சீனியம்மாள் மறுநாளும் பழக்கத்தில் துவைகல்லில் ஏறி நின்றாள், அந்தப்பக்கம் மாரித்தங்கமும் பழக்கத்தில் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். கொடுக்க ஒன்றும் இல்லை. காக்கை ஒன்று சுவரில் நடந்தது. மாரித்தங்கம் முக்காலியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முக்காலி உள்ளே போனால் திரும்ப வராது என்று சீனியம்மாளுக்குத் தெரிந்தது.

"மதினி" என்றாள்.

மாரித்தங்கம் நின்றாள்.

"புள்ள பெரியவளாயிட்டா. அண்ணன ஓலை கொண்டாரச் சொல்லுங்க."

மாரித்தங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணைப் பெரியவளாகிவிட்டாள் என்கிறாளே, துண்டு நின்ற அதிர்ச்சியில் புத்தி கலங்கிவிட்டதா என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய்விட்டாள். கொல்லை வெறிச்சென்று கிடந்தது. சீனியம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பழைய கால் துவைகல்லிலிருந்து இறங்கப் பார்த்தது. இறங்கியிருந்தால் இன்னொரு பன்னிரண்டு வருசம். அவள் அந்தக் காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, ஆளில்லாத கொல்லையைப் பார்த்து, அம்மியைப் பார்த்து, அதே குரலில் மறுபடி சொன்னாள்.

"மதினி, புள்ள பெரியவளாயிட்டா. அண்ணன ஓலை கொண்டாரச் சொல்லுங்க."

உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது தரமும் சொன்னாள். குத்தல் இல்லாமல், சலிப்பு இல்லாமல், போய்ச் சேரவில்லை, அதனால் சொல்கிறேன் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லாமல்.

மாரித்தங்கம் வாசற்படியில் வந்து நின்றாள். அவள் பார்வை சீனியம்மாளிடமிருந்து, சீனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்த அம்மிக்குப் போனது, அம்மியிலிருந்து, பொங்கலுக்குக் குழாய் ரேடியோ கட்டுகிற கோவில் கம்பத்துக்குப் போனது, திரும்பி அம்மிக்கே வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கா?" என்றாள். "அன்னைக்கா சீனி சொன்ன?"

"அன்னைக்குத்தான் மதினி. நீங்க தலையாட்டுனீங்க."

"நான் தேங்காத் தொவையல்ல அரைச்சிட்டிருந்தேன்…" அவள் சுவரோரம் ஓடி வந்தாள். "வந்துருச்சு சீனி. இப்பத்தான்டி வந்துச்சு."

மறுநாள் காலையில் காளிராஜ் பச்சை ஓலை வெட்டினான். சுவர் ஓர் எட்டுத்தான், அவன் அந்த வழியாகத் தரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, ஓலைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டில் ஏறி, ஊர் பார்க்க, டீக்கடை வாசல் வரை போய்த் திரும்பி நடந்து வந்தான். ஓலை நுனி புதுத் தாரில் சரசரவென்று இழுபட்டது. எதற்கு இத்தனை ஓலை, கல்யாணத்துக்குத்தான் பந்தல்காரர் இருக்கிறாரே என்று யாரோ கேட்டதற்கு, அவன் கட்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.

கனகு வேப்பமரத்தடியில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் தோளில் இருந்த கட்டைக் கீழே போடாமல், அப்படியே நின்று, "கொஞ்சம் பிந்திருச்சு தாயி" என்றான்.

சீனியம்மாள் உள்ளிருந்து ஓடி வந்தாள். வீட்டுக்கு வந்தவனை வா என்று கேட்கவேண்டும், அண்ணனை வாங்கண்ணே என்று கேட்கவேண்டும், அதற்காகத்தான் வாயைத் திறந்தாள்.

"வந்துருச்சுண்ணே" என்றாள்.